வாசகர் கேள்வி பதில்: வளையமா, படிக்கட்டா?

சென்ற இதழில் ஒரு வாசகருக்கு விடை எழுதும்போது, "அணுவுக்குள் எலக்ட்ரான் வட்டமடித்துச் சுற்றுவதில்லை, ஆனால் அதன் ஆற்றல் படிப்படியாகத்தான் இருக்கிறது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் கொஞ்சநஞ்சமல்ல. சிலர் விளக்கம் கேட்டிருக்கிறார்கள், சிலர் கோபித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒருவர் பாடநூல் பக்கத்தையே படமெடுத்து அனுப்பியிருக்கிறார். ஆகவே இந்த மாதம் வேறு எந்தப் பொருளையும் எடுத்துக்கொள்ளாமல், அந்தக் கடிதங்களுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் பாடநூலில் நடுவில் உட்கருவும், அதைச் சுற்றி வளையங்களும், வளையங்களின் மேல் புள்ளிகளாக எலக்ட்ரான்களும் வரையப்பட்டுள்ளன. நீங்கள் சுற்றுவதில்லை என்கிறீர்கள். தேர்வில் நான் எதை எழுதுவது?
(பதினொன்றாம் வகுப்பு மாணவி, கும்பகோணம்)

பதில்: "போரின் அணு மாதிரியை விளக்குக" என்று கேட்டிருந்தால் தயங்காமல் வளையத்தை வரையுங்கள், 1913-ல் டென்மார்க்கைச் சேர்ந்த நீல்ஸ் போர் சொன்னது அதைத்தான், கேள்வியும் அதைப் பற்றியதுதான். (இவர் பெயரைத் தமிழில் எழுதினால் சண்டை என்ற பொருளும் வந்துவிடுகிறது, வேறு வழியில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஆனால் எழுதி முடித்த பிறகு, அந்தப் படத்தில் எது நின்றது, எது விழுந்தது என்பதை மனத்தில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

நின்றது ஆற்றல் மட்டம், அதாவது எலக்ட்ரானின் ஆற்றல் ஏறி இறங்கும் படி. ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல், தாழ்நிலையில் −13.6 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் சிறிய அலகு), அடுத்த நிலையில் −3.4, அதற்கடுத்து −1.51, பிறகு −0.85 என்று போர் கணக்கிட்ட மதிப்புகள், பின்னர் வந்த நுண்ணிய சிறு திருத்தங்களைத் தவிர, இன்றும் அப்படியே செல்லுபடியாகின்றன. −13.6-ஐ 1, 4, 9, 16 என்ற வர்க்க எண்களால் வகுத்துக்கொண்டே போனால் அவை கிடைக்கும். விழுந்தது வளையம். போரின் கணக்குப்படி தாழ்நிலையில் உள்ள எலக்ட்ரானுக்குச் சுழற்சியால் வரும் கோண உந்தம் ஓர் அலகு இருக்க வேண்டும்; உண்மையில் அது சுழியம் என்று 1926-க்குப் பிறகு தெளிவாயிற்று. கோண உந்தமே இல்லாத ஒன்றை உட்கருவைச் சுற்றி ஓடுகிறது என்று எப்படிச் சொல்வது? போர் கண்ட 0.0529 நானோமீட்டர் என்ற ஆரம் மட்டும், எலக்ட்ரானைத் தேடினால் அது அகப்படுவதற்கு மிகுந்த வாய்ப்புள்ள தொலைவு என்ற புதிய பொருளோடு பிழைத்துக்கொண்டது. என்னைக் கேட்டால், வளையங்களை வரையும் பக்கத்திலேயே, மேலே போகப் போக நெருங்கி வரும் படிகளைக் கொண்ட ஓர் ஏணியையும் பாடநூல்கள் வரைய வேண்டும்.

கேள்வி: அணு உண்டு என்பதை நம் நாட்டில் கணாதரும் கிரேக்கத்தில் டெமாக்ரிட்டஸும் முன்பே சொல்லிவிட்டார்களே! டால்டனுக்கு எதற்கு இவ்வளவு பெருமை?
(வாசகர், சிதம்பரம்)

பதில்: சிந்தித்துச் சொன்னதற்கும் நிறுத்துச் சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டிற்காகத்தான். 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் ஒரு வாயு, 32 கிராம் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறொரு வாயு. இடைப்பட்ட எடையில் சேருவதே இல்லை. 16-க்கு 32 என்பது சரியாக ஒன்றுக்கு இரண்டு. இத்தகைய முழு எண் விகிதங்கள் வருகின்றன என்றால், பொருள்கள் எண்ணக்கூடிய துணுக்குகளாகச் சேருகின்றன என்பதே எளிய விளக்கம் என்று மான்செஸ்டரில் ஆசிரியப் பணி செய்த ஜான் டால்டன் வாதிட்டார். 1808-ல் நூலாகவும் வெளியிட்டார். அவர் எல்லாவற்றிலும் சரியாக இருக்கவில்லை. நீரில் ஒரு ஹைட்ரஜனும் ஓர் ஆக்சிஜனும்தான் இருக்கின்றன என்று அவர் கருதினார். பிழை என்று பிறர் காட்ட முடிந்ததே, அவர் சொன்னது எடை போட்டுச் சரிபார்க்கக்கூடியதாக இருந்ததால்தான். கணாதரின் பெருமை வேறு வகையானது. அதை இதோடு போட்டிக்கு நிறுத்த வேண்டியதில்லை.

கேள்வி: முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். ஆற்றல் மட்டம் என்ற கருத்து போருக்கு எங்கிருந்து உதித்தது என்று மாணவர்கள் கேட்டபோதெல்லாம், "அவர் எடுகோளாகக் கொண்டார்" என்று மட்டுமே சொல்லி வந்திருக்கிறேன். எனக்கே அது நிறைவளித்ததில்லை. உண்மையில் எப்படி வந்தது?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, உங்கள் நிறைவின்மை நியாயமானது. மட்டம் வெறும் எடுகோளாக வானத்திலிருந்து குதிக்கவில்லை; கோடுகள் முதலில் வந்தன, மட்டங்கள் அவற்றிலிருந்து கழித்தல் கணக்காக வந்தன. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1814-ல் பவேரியாவில் கண்ணாடி செய்துகொண்டிருந்த ஃபிரௌன்ஹோஃபர், சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே பிரித்துப் பார்த்தபோது, வானவில் பட்டையின் நடுவே நூற்றுக்கணக்கான கருங்கோடுகளைக் கண்டு குறித்து வைத்தார். 1859 முதல் ஹைடல்பெர்க் நகரில் கிர்க்காஃபும் புன்சனும், ஒவ்வொரு தனிமமும் சூடேறும்போது தனக்கே உரிய கோடுகளை வெளியிடுகிறது என்று காட்டினார்கள். அந்தக் கோடுகளை மட்டும் வைத்தே சீசியத்தையும் ருபீடியத்தையும் புதிதாகக் கண்டுபிடித்தார்கள். ஆக, அணுவுக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாத காலத்திலேயே, அணுக்களின் கைரேகைகள் பட்டியல் பட்டியலாகச் சேர்ந்துவிட்டன. அவற்றைப் படிக்கத்தான் ஆளில்லை.

முதலில் படித்தவர் இயற்பியலாளர் அல்லர். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்திய யோகான் பால்மர். அப்போது அவருக்கு வயது 60. ஹைட்ரஜனின் நான்கு கோடுகளின் அலைநீளங்கள் 656.3, 486.1, 434.0, 410.2 நானோமீட்டர் என்று துல்லியமாக அளக்கப்பட்டிருந்தன. எண்களோடு விளையாடுவதில் விருப்பம் கொண்ட பால்மர், இவை ஒரே எண்ணின் மடங்குகளாக இருக்குமா என்று தேடினார். 364.56 என்ற எண்ணை 9/5, 4/3, 25/21, 9/8 ஆகிய பின்னங்களால் பெருக்கினால் நான்கும் வந்துவிடுகின்றன! இருந்தும் பின்னங்களில் ஓர் ஒழுங்கு தெரியவில்லை. இரண்டாவதையும் நான்காவதையும் மேலும் கீழும் 4-ஆல் பெருக்கினார். 9/5, 16/12, 25/21, 36/32. இப்போது மேலே 3, 4, 5, 6 ஆகியவற்றின் வர்க்கங்கள். கீழே அதே வர்க்கங்களில் 4 குறைவு. ஐந்தாவது கோடு இருந்தால் 397 நானோமீட்டருக்கு அருகே இருக்க வேண்டுமே என்று அவர் கேட்க, அத்தகைய கோடு ஏற்கெனவே காணப்பட்டிருக்கிறது என்று அவ்வூர்ப் பேராசிரியர் ஹாகன்பாக் தெரிவித்தார். இது வெளியானது 1885-ல். நீல்ஸ் போர் பிறந்த ஆண்டும் அதுவே.

மூன்றாண்டுகள் கழித்து ஸ்வீடனின் ரிட்பெர்க், இதைத் தலைகீழாக்கி எழுதினார். அலைநீளத்தின் தலைகீழ் எண்ணை எடுத்தால், ஒவ்வொரு கோடும் இரண்டு உறுப்புகளின் வேறுபாடாக வருகிறது: ஒரு மாறிலியை ஒரு முழு எண்ணின் வர்க்கத்தால் வகுத்ததிலிருந்து, அதே மாறிலியை இன்னொரு முழு எண்ணின் வர்க்கத்தால் வகுத்ததைக் கழிக்க வேண்டும். 'வேறுபாடு' என்ற இந்தச் சொல்லில்தான் ஆற்றல் மட்டம் ஒளிந்திருந்தது. இருபத்தைந்து ஆண்டுகள் அதை யாரும் எடுக்கவில்லை.

இதற்கிடையே அணுவின் கதை வேறு பக்கம் ஓடியது. 1897-ல் ஜே. ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டறிந்தார். 1904-ல், நேர்மின் பொருளுக்குள் எலக்ட்ரான்கள் தர்பூசணி விதைகளைப் போலப் பதிந்திருக்கும் ஒரு மாதிரியை விரித்துரைத்தார். 1909-ல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் கீழ் பணிபுரிந்த கைகரும், இருபது வயது மாணவர் மார்ஸ்டனும், மெல்லிய உலோகத் தகடுகளின் மேல், கதிரியக்கப் பொருள்கள் உமிழும் கனத்த நேர்மின் துகள்களான ஆல்ஃபா துகள்களை மோதவிட்டபோது, ஏறத்தாழ 8000-ல் ஒன்று திரும்பி வந்தது. தர்பூசணி அப்படித் திருப்பி அடிக்காது. 1911-ல் ரூதர்ஃபோர்டு அணுவின் நடுவே மிகச் சிறிய, கனத்த உட்கருவை வைத்தார். அதனால் பெரிய சிக்கல் முளைத்தது. சுற்றும் மின்னூட்டம் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்க வேண்டும் என்பது அன்றைய மின்காந்தவியலின் அசைக்க முடியாத முடிவு. கணக்குப்படி எலக்ட்ரான் ஒரு நொடியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு நேரத்திற்குள் சுருள் சுருளாக உட்கருவில் விழுந்திருக்க வேண்டும். அப்படியானால் நீங்களும் இல்லை, நானும் இல்லை, இந்த இதழும் இல்லை.

1912-ல் மான்செஸ்டருக்குச் சென்ற போர், இந்தச் சிக்கலோடு கோபன்ஹேகனுக்குத் திரும்பினார். ஆற்றல் பொட்டலம் பொட்டலமாகவே கைமாறுகிறது என்ற பிளாங்கின் 1900-ஆம் ஆண்டுக் கருத்தும், ஒளிக்கும் அது பொருந்தும் என்ற ஐன்ஸ்டைனின் 1905-ஆம் ஆண்டுக் கருத்தும் அவர் அறிந்தவை. ஆனால் கோடுகளைப் பற்றி அவர் பெரிதாக எண்ணியிருக்கவில்லை. 1913-இன் தொடக்கத்தில் நிறமாலை ஆய்வாளரான நண்பர் ஹான்சன், கோடுகளுக்கு உன் கொள்கை என்ன சொல்கிறது என்று கேட்டு, பால்மரின் சூத்திரத்தைச் சுட்டிக்காட்டினார். அதைக் கண்டவுடன் எல்லாம் தெளிவாகிவிட்டது என்று போர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். வேறுபாடு என்றால், ஒரு நிலையின் ஆற்றலிலிருந்து இன்னொரு நிலையின் ஆற்றலைக் கழிப்பதுதானே! அந்த நிலைகளில் இருக்கும்வரை எலக்ட்ரான் ஒளி உமிழாது, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கும்போது மட்டும் வேறுபாட்டை ஒளியாகக் கொடுக்கும் என்று அவர் துணிந்தார்.

நீங்களே சரிபார்க்கலாம். மூன்றாம் நிலை −1.51, இரண்டாம் நிலை −3.40, வேறுபாடு 1.89 எலக்ட்ரான் வோல்ட். 1240-ஐ இந்த ஆற்றலால் வகுத்தால் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: 656. பால்மரின் சிவப்புக் கோடு அதுதான். கொடைக்கானல் சூரிய ஆய்வகம் நூறாண்டுக்கும் மேலாகச் சூரியனைப் படம்பிடித்து வரும் ஒளிகளில் ஒன்றும் அதே சிவப்புத்தான். மேலும், அளந்து மட்டுமே தெரிந்திருந்த ரிட்பெர்க்கின் மாறிலியை, எலக்ட்ரானின் நிறை, மின்னூட்டம், ஆற்றல் பொட்டலங்களின் அளவைத் தீர்மானிக்கும் பிளாங்கின் மாறிலி ஆகியவற்றிலிருந்தே போர் கணக்கிட்டுக் காட்டினார்.

ஆகவே எடுகோள் என்று நீங்கள் சொன்னது தவறன்று; அதற்கு முன்னால் பால்மரின் அந்த நான்கு பின்னங்களைக் கரும்பலகையில் எழுதியிருந்தால், மாணவர்கள் இரண்டாவது கேள்வி கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

கேள்வி: ஹைட்ரஜன் கோடுகள் ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்த விடைக்கு ஏற்றபடி கொள்கையைச் செதுக்கினால் பொருந்தத்தானே செய்யும்? போரை உலகம் எப்படி நம்பியது?
(பொறியாளர், கோயம்புத்தூர்)

பதில்: மிக நல்ல கேள்வி. இதே ஐயம் அன்றும் எழுந்தது. விடை ஹீலியத்தில் இருக்கிறது.

ஹீலியத்தின் கதையே ஒரு கோட்டில் தொடங்கியது. 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைப் பார்க்க ஃபிரெஞ்சு வானியலாளர் ஜான்சன் குண்டூருக்கு வந்தார்; சென்னை வானாய்வகத்தின் தலைவர் போக்சன் மசூலிப்பட்டினத்தில் கருவிகளை நிறுத்தினார். அந்தக் கிரகணத்திலும், அதைத் தொடர்ந்து இங்கிலாந்தில் லாக்யர் செய்த ஆய்விலும் அகப்பட்ட ஒரு மஞ்சள் கோடு, சோடியத்தின் மஞ்சளுக்குப் பக்கத்தில் இருந்தும் அதோடு ஒட்டவில்லை. அது ஒரு புதிய தனிமத்தின் கோடு; சூரியனில் மட்டும் அறியப்பட்ட ஹீலியம் என்ற அந்தத் தனிமத்தை 1895-ல்தான் ராம்சே பூமியில் கண்டெடுத்தார்.

போருக்கு உதவியது ஹீலியத்தின் வேறு சில கோடுகள். 1896-ல் பிக்கரிங் என்ற அமெரிக்க வானியலாளர், தென்வானில் உள்ள ஒரு விண்மீனின் ஒளியில், பால்மர் வரிசையைப் போலவே ஆனால் இடைப்பட்ட இடங்களில் விழும் கோடுகளைக் கண்டார். 1912-ல் லண்டனில் ஃபௌலர் அவற்றை ஒத்த கோடுகளை ஆய்வகத்திலேயே பெற்றார். எல்லாரும் அவற்றை ஹைட்ரஜன் கணக்கில் எழுதினார்கள். முழு எண்ணுக்குப் பதில் அரை எண்களைப் போட்டால் பொருந்தியது. போரின் கொள்கையில் அரை எண்களுக்கு இடமில்லை. ஆகவே அவர், இது ஹைட்ரஜனே அன்று, ஓர் எலக்ட்ரானை இழந்த ஹீலியம் என்றார். உட்கருவின் மின்னூட்டம் இரட்டிப்பானால் ஆற்றல்கள் நான்கு மடங்காகும். கோடுகள் தாமாகவே அந்த இடங்களில் விழும். மான்செஸ்டரில் எவன்ஸ் தூய ஹீலியத்தை எடுத்துச் சோதித்தார். ஹைட்ரஜனின் வழக்கமான கோடுகள் தென்படவில்லை. இந்தக் கோடுகள் தென்பட்டன.

ஃபௌலர் விடவில்லை. அளவுகள் துல்லியமானவை, விகிதம் 4 அன்று, 4.0016 வருகிறதே என்று மடக்கினார். போர் பின்வாங்கவில்லை. உட்கரு அசையாமல் நிற்கிறது என்று எளிமைக்காகக் கொண்டிருந்தேன், உண்மையில் அதுவும் சற்று அசைகிறது, ஹைட்ரஜன் உட்கரு இலேசானதால் கூடுதலாகவும் ஹீலியம் உட்கரு கனத்ததால் குறைவாகவும் அசையும் என்று சொல்லி, அதைச் சேர்த்துக் கணக்கிட்டுக் காட்டினார். வந்த விடை 4.00163. ஃபௌலரின் மறுப்பே போருக்குச் சான்றாயிற்று. வியன்னாவில் ஹெவெசி என்ற வேதியியலாளர் இந்தச் செய்தியைச் சொன்னபோது, ஐன்ஸ்டைனின் பெரிய கண்கள் இன்னும் பெரிதாயின என்று ஹெவெசி ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். செதுக்கிப் பொருத்தியவருக்கு இப்படி நான்காவது தசமத்தில் வெற்றி வாய்க்காது.

ஆனால் இரண்டு எலக்ட்ரான்களும் இருக்கும் சாதாரண ஹீலியம் அணுவிடம் போரின் வளையங்கள் தோற்றன. எத்தனை பேர் எத்தனை விதமாக முயன்றும் அதன் ஆற்றல் சரியாக வரவில்லை. வளையத்தைக் கைவிட்டுப் புதிய இயக்கவியலைத் தேட வேண்டிய கட்டாயத்தை உண்டாக்கியவற்றில் அதுவும் ஒன்று.

கேள்வி: சோறு வடிக்கும்போது உப்புப் போட்ட கஞ்சி பொங்கி அடுப்பில் வழிந்தால், நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகிறது. இதற்கும் நீங்கள் எழுதியதற்கும் தொடர்பு உண்டா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: நேரடித் தொடர்பு உண்டு. உப்பில் உள்ள சோடியம் அணுவின் வெளி எலக்ட்ரான், சுடரின் சூட்டில் ஏறத்தாழ 2.1 எலக்ட்ரான் வோல்ட் உயரமுள்ள ஒரு படி மேலே ஏறுகிறது, உடனே இறங்குகிறது, இறங்கும்போது 589 நானோமீட்டர் மஞ்சளைத் தருகிறது. கூர்ந்து பிரித்தால் அது 589.0, 589.6 என்ற இரட்டைக் கோடு. அடுப்பின் வழக்கமான நீலத்திற்குக் காரணம் தனி அணுக்கள் அல்ல, எரியும் வாயுவில் கணநேரம் தோன்றும் கார்பன் மூலக்கூறுத் துணுக்குகள். கல்லூரியில் இயற்பியல் செய்முறை வகுப்புக்குச் சென்றவர்கள் சோடியம் விளக்கைப் பார்த்திருப்பார்கள். அந்த இருட்டறையில் சிவப்புப் பேனா கறுப்பாகத் தெரியும், ஏனெனில் அது திருப்பி அனுப்புவதற்குச் சிவப்பு ஒளியே அங்கு இல்லை.

கூடவே ஒரு திருத்தம். சிவகாசி வாணங்களின் எல்லா நிறங்களும் இப்படியே அணுக்களிலிருந்து வருகின்றன என்று பலரும் எழுதுகிறார்கள். மஞ்சளுக்கு அது சரி. ஸ்ட்ரான்சியத்தின் சிவப்பும் பேரியத்தின் பச்சையும் பெரும்பாலும் அவற்றின் குளோரைடு போன்ற மூலக்கூறுகள் தருபவை. மூலக்கூறுகளுக்கும் ஆற்றல் மட்டங்கள் உண்டு, ஆனால் அவை மிக நெருக்கமானவை.

கேள்வி: எங்கள் பாடநூல்களில் இலத்திரன், சக்தி மட்டம் என்று படித்தோம். நீங்கள் எலக்ட்ரான், ஆற்றல் மட்டம் என்கிறீர்கள். எது சரி?
(வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டும் சரி. இலங்கைப் பாடநூல் மரபு ஒன்று, தமிழ்நாட்டு மரபு ஒன்று. இலத்திரன் என்ற சொல்லின் ஓசை எனக்குப் பிடிக்கும். இதழின் பெரும்பாலான வாசகர்கள் பழகியதை எழுத வேண்டியிருக்கிறது.

கேள்வி: எலக்ட்ரான் கூடுகளுக்கு ஏ, பி என்று பெயரிடாமல் கே, எல், எம் என்று ஏன் நடுவிலிருந்து தொடங்கினார்கள்?
(போட்டித் தேர்வுக்குப் படிப்பவர், சேலம்)

பதில்: முன்னெச்சரிக்கையால். பார்க்லா என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களில் இரண்டு வகைகளைக் கண்டார். முதலில் ஏ, பி என்றே பெயரிட்டார். இவற்றைவிட ஊடுருவும் திறன் மிகுந்தவையும் பிறகு கண்டுபிடிக்கப்படலாமே என்று எண்ணி, 1911-ல் முன்னும் பின்னும் இடம் விட்டு கே, எல் என்று மாற்றினார். கே கதிர் பிறக்கும் கூடே (எலக்ட்ரான்கள் அடுக்கடுக்காக அமையும் நிலைகளில் ஒன்று) உட்கருவுக்கு மிக நெருங்கியது, அதற்கு முன்னால் எதுவும் இல்லை என்று பின்னர் தெரிந்தது. விட்ட இடம் காலியாகவே இருக்கிறது.

கேள்வி: மூன்றாம் நிலையில் இருக்கும் எலக்ட்ரான், இரண்டுக்கு இறங்குவதா ஒன்றுக்கு இறங்குவதா என்று எப்படி முடிவு செய்கிறது? தாவும் நேரத்தில் அது எங்கே இருக்கும்?
(முதுகலை மாணவர், சென்னை)

பதில்: போரின் கையெழுத்துப் படியைப் படித்தவுடன் ரூதர்ஃபோர்டு 1913 மார்ச்சில் எழுதிய கடிதத்தில் இதே கேள்வி இருக்கிறது: எங்கே போய் நிற்கப்போகிறோம் என்பது எலக்ட்ரானுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் போலிருக்கிறதே என்றார். போரிடம் விடை இல்லை. 1916-ல் ஐன்ஸ்டைன், ஒவ்வோர் இறக்கத்திற்கும் ஒரு நிகழ்தகவு மட்டும் உண்டு என்று வைத்துக் கணக்கிட்டார். எந்த அணு, எந்தக் கணத்தில் இறங்கும் என்பதற்குக் காரணம் காட்ட முடியாமற்போனது அவருக்கே உறுத்தலாக இருந்தது.

வளையத்தைக் கைவிட்டுப் பிறந்த புதிய இயக்கவியலான குவாண்டம் இயக்கவியலின் விடை இன்றும் நிகழ்தகவுதான். தாவும்போது எங்கே என்ற கேள்வி, எலக்ட்ரானை ஒரு வளையத்திலிருந்து இன்னொரு வளையத்திற்குக் குதிக்கும் குருவியாகக் கற்பனை செய்வதால் எழுகிறது. இரு நிலைகளுமே உட்கருவைச் சூழ்ந்து, ஒன்றன்மேல் ஒன்று படிந்து பரவியவை. இடையே கடப்பதற்கு வெற்றிடம் ஏதும் இல்லை. ஆனால் தாவலே கற்பனை என்று எண்ணிவிட வேண்டாம். 1986-ல் மூன்று ஆய்வுக் குழுக்கள், மின்புலத்தில் சிறைப்படுத்திய ஒற்றை அயனி (மின்னூட்டம் பெற்ற அணு), எவ்வித ஒழுங்குமின்றித் திடீர் திடீரென்று ஒளிர்வதையும் அணைவதையும் பதிவு செய்தன.

கேள்வி: எல்லாச் சான்றுகளும் ஒளியை வைத்தே சொல்லப்படுகின்றன. ஒளியின் துணையின்றி ஆற்றல் மட்டத்தைக் காட்ட முடியுமா? வீட்டில் எதையாவது பார்க்க முடியுமா?
(அறிவியல் மன்ற உறுப்பினர், புதுச்சேரி)

பதில்: முதல் கேள்விக்கு 1914-லேயே பெர்லினில் விடை கிடைத்துவிட்டது. ஜேம்ஸ் ஃபிராங்கும் குஸ்தாவ் ஹெர்ட்ஸும் ஒரு கண்ணாடிக் குழாயில் பாதரச ஆவியை அடைத்து, அதன் வழியே எலக்ட்ரான்களை முடுக்கினார்கள். மின்னழுத்தம் கூடக் கூட மின்னோட்டமும் கூடிக்கொண்டே வந்து, 4.9 வோல்ட் தாண்டியதும் மடமடவென்று விழுந்தது. மறுபடி ஏறி, இன்னொரு 4.9 வோல்ட் கழித்து மறுபடி விழுந்தது. அதற்குக் குறைந்த ஆற்றலோடு வரும் எலக்ட்ரான் பாதரச அணுவின் மேல் மோதி, ஏறக்குறைய எதையும் இழக்காமல் தெறித்துப் போகிறது; 4.9 இருந்தால் முழுவதையும் கொடுத்துவிட்டு ஓய்ந்துபோகிறது. மூன்றரை ரூபாயையும் நான்கு ரூபாயையும் வாங்க மறுத்து, 4.90-ஐ மட்டும் வாங்கிக்கொள்ளும் கடைக்காரரைப் போல அணு நடந்துகொள்கிறது. தாங்கள் அணுவிலிருந்து எலக்ட்ரானையே பிய்த்துவிட்டோம் என்றுதான் இருவரும் முதலில் எண்ணினார்கள். அது பிய்த்தல் அன்று, ஒரு படி ஏற்றம் என்று எடுத்துச் சொன்னவர் போர்; பாதரசத்திலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 10.4 எலக்ட்ரான் வோல்ட் தேவை. 1925-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு இந்தச் சோதனைக்குக் கிடைத்தது.

ஏறிய பாதரச அணு இறங்கும்போது 253.7 நானோமீட்டர் புறஊதாக் கதிரை விடுகிறது. உங்கள் வீட்டில் இன்னும் பழைய டியூப் லைட் இருந்தால், அதற்குள் நடப்பதும் இதுவே. குழாயினுள் எலக்ட்ரான்கள் பாதரச அணுக்களை மோதி ஏற்றிவிடுகின்றன. வரும் புறஊதாக் கதிரைக் கண்ணாடியின் உட்புறம் பூசிய வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரியும் ஒளியாக மாற்றுகிறது.

இதை நேரில் பார்க்க ஒரு பழைய சிடி போதும். அறையின் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, சிடியின் பளபளப்பான பக்கத்தை டியூப் லைட்டை நோக்கிச் சாய்த்துப் பிடியுங்கள். நிறங்கள் விரிந்து வரும்போது, நடுவே ஒரு நீலப் பட்டையும் ஒரு பச்சைப் பட்டையும் மட்டும் துருத்திக்கொண்டு தெரியும். நீலம் 436 நானோமீட்டர், பச்சை 546. இரண்டும் பொடியையும் மீறி வெளியே வரும் பாதரசத்தின் சொந்தக் கோடுகள். பிறகு அதே சிடியைக் குண்டு பல்பின் முன் பிடியுங்கள். அங்கே பட்டைகள் இல்லாமல் சிவப்பிலிருந்து ஊதா வரை ஒரே வழவழப்பாக ஓடும். டங்ஸ்டன் இழையில் அணுக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதால், மட்டங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. சூரியனை மட்டும் சிடியில் பார்க்க வேண்டாம், கண் கெட்டுவிடும்.